யங் அடல்ட் என்றால் ‘இளம் வயதுவந்தோர்’ அல்ல

புத்தகக் காட்சி அரங்குகளிலும் பள்ளி நூலகப் பட்டியல்களிலும் ‘இளம் வயதுவந்தோர் மிகுபுனைவு’ என்றொரு தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. யங் அடல்ட் ஃபேண்டஸி என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்திருக்கிறார்கள். யங் என்றால் இளம், அடல்ட் என்றால் வயதுவந்தோர். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வளர்தலைக் குறிக்கும் அடோலெஸ்கெரே என்ற லத்தீன் வினையிலிருந்து இரண்டு சொற்கள் வந்தன. வளர்ந்துகொண்டிருப்பவர் அடலசன்ட், வளர்ந்து முடித்தவர் அடல்ட். வளர்ந்துகொண்டிருக்கும் வாசகரை ‘யங் அடல்ட்’ என்று கொஞ்சம் பெரிய மனுஷராக்கி அழைத்தவர்கள் அமெரிக்க நூலகர்கள். அவர்கள் சங்கத்தில் 1957இல் இந்த வாசகருக்கென்றே ஒரு பிரிவு ஏற்பட்டது. இன்று பதிப்பாளர்கள் இந்தப் பெயரில் குறிப்பது ஏறத்தாழ 12 முதல் 18 வயது. அதாவது அந்த அடல்ட் ஒரு முகமன். வயதுக் கணக்கு அல்ல. முகமனை அப்படியே மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘இளம் வயதுவந்தோர்’ நல்ல சாட்சி.

குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ‘பொண்ணு வயசுக்கு வந்துட்டா’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான். பந்தலும் மஞ்சள் நீரும் நினைவுக்கு வரும். ‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்றால் தணிக்கைக் குழுவின் ‘ஏ’ சான்றிதழ். ‘வயது வந்தோர் கல்வி’ என்றால் எழுத்தறியாத பெரியவர்களுக்கான மாலை வகுப்பு. ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்றால் 18 நிறைந்தவருக்கு ஓட்டு. இத்தனை பொருளில் ஒன்றுகூட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிற டிராகன் கதைக்குப் பொருந்தாது. அந்தப் பிள்ளை இப்படி அச்சிட்ட அட்டையோடு வீட்டுக்குப் போனால் அப்பா முதலில் புத்தகத்தைப் பிடுங்குவார், பிறகுதான் பிரிப்பார். சிலர் ‘இளம் பெரியவர்’ என்றும் எழுதுகிறார்கள். இளம் கிழவர் என்று எழுதாத வரைக்கும் சந்தோஷம்.

மற்ற சொற்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ‘சிறுவர்’ ஏழெட்டு வயதுக்காரரையும் சேர்த்து இழுத்துவிடும். பதினாறு வயதுப் பையன் அந்த அலமாரிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். ‘இளையோர்’ மிக அகலம். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை இளைஞர் என்று கொள்வது 15 முதல் 29 வரை. ‘விடலை’ ஒரு காலத்தில் வீரனுக்கான பெயர், இன்றைக்கு வசவு. ‘மடந்தை’ 14 முதல் 19 வரை என்று வயது அழகாகவே பொருந்துகிறது, ஆனால் பெண்ணுக்கு மட்டும். ‘வளரிளம்’ இலக்கணப்படி அருமையான சொல். வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை அதில் இருக்கிறது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையமும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. நாவலின் மேல் ஒட்டினால் மருந்து வாசம் வருகிறது.

மிஞ்சுவது ‘பதின்பருவம்’. ஆங்கிலத்தின் டீன் ஏஜ் என்பதன் நிழல்தானே இது என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். எண்ணிப் பாருங்கள்: பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு. அடுத்தது பத்தொன்பது, ‘பதின்’ நின்றுவிட்டது. ஆங்கில டீன் பத்தொன்பது வரை ஓடுகிறது. நம் பதின், பதினெட்டிலேயே நிற்கிறது. யங் அடல்ட் அலமாரியின் மேல் எல்லையும் அதுதான். பதினொன்றும் இதில் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு, நடுவில் பன்னிரண்டு வந்து வேலி போட்டுவிடுகிறது என்பதே பதில். ‘பதின்ம வயது’ என்ற வடிவத்தை மட்டும் தவிர்க்கலாம். பதின்மம் கணக்கில் தசமத்துக்குப் பெயர்.

ஃபேண்டஸிக்கு ‘மிகுபுனைவு’ நிலைத்துவிட்டது, குறையில்லை. உரைநடையை நான்காக வகுத்த தொல்காப்பியர் ‘பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி’ என்று ஒன்றுக்கு இடம் ஒதுக்கினார். யானையும் குருவியும் நட்பாகிப் போன கதையை அதற்கு உதாரணம் காட்டினார் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர். வகை நமக்குப் புதிதல்ல.

பெயர் பிசகினால் மதிப்பீடும் பிசகும் என்பதால்தான் இவ்வளவு வாதம். நூல்களை மதிப்பிடும் நடுவர், வயதுவந்தோர் என்று படித்தால் பெரியவர் நாவலின் அளவுகோலை எடுக்கிறார். சிறுவர் என்று படித்தவர் கடைசிப் பக்கத்தில் நீதி தேடுகிறார். பதின்பருவ நாவலில் முதலில் பார்க்க வேண்டியது, கதையைத் திருப்புகிற முடிவை யார் எடுக்கிறார் என்பது. பதினாறு வயது நாயகி திகைத்து நிற்க, தாடி வைத்த குரு வந்து முடிச்சை அவிழ்த்தால் அது பதின்பருவ நாவல் இல்லை, குருவின் கதை. அடுத்து மாயத்தின் விதி. என்ன முடியும், என்ன முடியாது, என்ன விலை என்பதெல்லாம் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் தெரிந்திருக்க வேண்டும். உச்சக்கட்டத்தில் திடீரென்று புதுச் சக்தி முளைத்தால் மதிப்பெண்ணைத் தயங்காமல் குறைக்கலாம். விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்த வட ஆர்க்காட்டுப் பிள்ளைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. வரத்துக்கு நிபந்தனை உண்டு, சாபத்துக்கு விமோசனம் உண்டு என்பது களத்திலேயே பழகியது.

அறிவியல் புனைகதைக்குப் பிடி இன்னும் இறுக்கம். நம்பச் சொல்லும் பெரிய பொய் ஒன்று போதும். மற்றதெல்லாம் அதிலிருந்து வர வேண்டும். ப்ராக்சிமா சென்டாரி என்ற விண்மீன் 4.2 ஒளியாண்டு தொலைவு, அதாவது ஒளியே போய்ச்சேர நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். அங்கே அனுப்பிய வானொலிச் செய்திக்கு மறுவாரமே பதில் வந்தால், அந்தப் பொய்யை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. அதன் வழியே நிலாவில் நட்ட கொடி தெரிந்தது என்று எழுதினால், அங்கே சுற்றுலா போய்வந்த பத்தாம் வகுப்பு மாணவியே சிரிப்பாள்.

மொழிபெயர்ப்பை மதிப்பிடும்போது பக்க அளவில் ஏமாறக் கூடாது. ஆங்கிலப் பதின்பருவ மிகுபுனைவு பெரும்பாலும் 70,000 முதல் 1,00,000 சொல் வரை போகும். வேற்றுமை உருபுகள் ஒட்டி நிற்பதால் தமிழில் சொல் எண்ணிக்கை குறையும், ஆனால் கதை குறையவில்லை. எண்ணிக்கையைவிடக் கவனிக்க வேண்டியது பேச்சு. பதினைந்து வயதுப் பையன் கூட்டாளியிடம் ‘நான் உன்னை எச்சரிக்கிறேன், நண்பா’ என்றால் அந்தப் பக்கத்தோடு மூடிவிடலாம். ஸ்பெல், மேஜிக், சார்ம் மூன்றுக்கும் ‘மந்திரம்’ ஒன்றையே போடும் மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் பாடுபட்டுக் கட்டிய விதிகளை ஒரே சொல்லில் கலைத்துவிடுகிறார். ஓதுவது மந்திரம், ஆற்றல் மாயம், கட்டிக்கொள்வது தாயத்து என்று பிரித்துப் போட நம்மிடம் சொல் இல்லையா என்ன?

இப்போது ‘நியூ அடல்ட்’ என்று இன்னொன்றும் வந்திருக்கிறது: பதினெட்டைத் தாண்டி இருபதுகளில் இருப்பவர்களுக்கானது. யங் அடல்ட்டை ‘இளம் வயதுவந்தோர்’ ஆக்கியவர்கள் இதைப் ‘புதிதாக வயதுவந்தோர்’ என்று எழுத வேண்டியிருக்கும். அதற்கு நூலக அலமாரி போதாது, சீர்வரிசைத் தட்டும் வேண்டும். பதின்பருவத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டால் ‘இளையோர்’ என்ற சொல் சும்மாதான் இருக்கிறது. இதற்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.