கரண்ட் வைக்கும் நாட்களில் கஞ்சி

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்க வருகிறவர்களை முதல் வாரத்தில் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது. கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து, மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் என் எதிரில் உட்காருவார்கள். "ஒண்ணுமே செய்யலையே மேடம், இதுக்கா இவ்வளவு பயமுறுத்துனீங்க?" என்று சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் முடியும்போது குழம்பு சுரீரென்று எரிகிறது என்பார்கள். மூன்றாவது வாரத்தில் தண்ணீர் விழுங்கவே கண் கலங்கும். ஊர்ப்பக்கம் கதிர்வீச்சு எடுப்பதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வாரத்துக்கு 5 நாள், ஆறேழு வாரம், மொத்தம் 30 முதல் 35 தடவை வைப்பது வழக்கம். கூடவே கீமோ என்ற மருந்து சிகிச்சையும் சேர்ந்தால் வாய்ப்புண் சீக்கிரம் வரும், கடுமையாகவும் இருக்கும்.

இந்த ஆறேழு வாரத்தில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: எடை இறங்கக் கூடாது. எது சத்தான உணவு, எது ஆர்கானிக், எது புற்றுநோயை விரட்டும் என்ற பேச்செல்லாம் அப்புறம். எரியாமல் உள்ளே இறங்குவதுதான் அன்றைக்கு நல்ல சாப்பாடு. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரண்ட் வைக்கும்போது முகம் அசையாமல் இருக்க ஒரு மாஸ்க் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். அது அவரவர் முகத்துக்கு அளவெடுத்து, சூடாக்கி வார்த்தது. கன்னம் ஒட்டி எடை இறங்கிவிட்டால் மாஸ்க் தளரும். தளர்ந்தால் கதிர் படவேண்டிய இடம் தள்ளிப்போகும் என்பதால் சில சமயம் மறுபடி ஸ்கேன், மறுபடி மாஸ்க், மறுபடி திட்டம் என்று போக வேண்டியிருக்கும். சாப்பிட முடியாமல் சோர்ந்து நடுவில் ஒரு வாரம் சிகிச்சையை நிறுத்தினால் அது இன்னும் மோசம். தலை, கழுத்துப் புற்றுநோயில் இடைவெளி விழுந்தால் நோய் கட்டுப்படும் வாய்ப்பே குறையும்.

இப்போது ரசத்துக்கு வருகிறேன். உடம்பு சரியில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது குழைந்த ரசம் சாதம். போன மாதம் ஒரு அக்கா, "மிளகாயே போடலைங்க மேடம், வெறும் மிளகு ரசம்தான் ஊத்திப் பிசைஞ்சேன், தட்டைத் தள்ளி விட்டுட்டாரு" என்று வருத்தப்பட்டார். மிளகு, புளி, தக்காளி மூன்றும் புண்ணான வாயில் நெருப்பு. எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசியும் அப்படித்தான். ரசத்துக்குப் பதில் பருப்புத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். பாசிப்பருப்பை மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து, கடைந்து, துளி உப்பு, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டுக் கொடுங்கள். தாளிக்க வேண்டாம், கடுகும் கறிவேப்பிலையும் புண்ணில் போய் ஒட்டும். இட்லியைப் பாலில் ஊறவைத்து மசிக்கலாம். இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவிடலாம். புளிக்காத தயிர் விட்டுக் குழையப் பிசைந்த சாதம், கஸ்டர்ட், நன்றாக வெந்த முட்டையைப் பாலோடு மிக்ஸியில் அடித்தது, எல்லாம் இறங்கும். ஐஸ்கிரீம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். சளி பிடிக்கும் என்று தடுக்கிற பெரியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

கஞ்சியை எப்படிக் கெட்டியாக்குவது?

கஞ்சி எரியாது, இறங்கும். ஆனால் நம் வீட்டுக் கஞ்சி பெரும்பாலும் தண்ணீர். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை. 50 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் என்று கணக்கு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. 30 கிராம் பருப்பில் 7 கிராம். வெறும் கஞ்சியை நம்பினால் இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது.

அதனால் கஞ்சியைப் பாலில் காய்ச்சுங்கள். வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, தோல் நீக்கிய வேர்க்கடலை இவற்றை மையாக அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்து மாவாக வைத்துக்கொள்ளுங்கள். சல்லடை போதாது, ஒரு குருணை தட்டுப்பட்டாலும் அவர் அடுத்த வாய் வாங்க மாட்டார். பால்பவுடர் இரண்டு ஸ்பூன், நெய் ஒரு ஸ்பூன் சேருங்கள். ஒரு டீஸ்பூன் நெய்யே 45 கலோரி தரும்.

மாவை அதிகம் போட்டால் கஞ்சி களியாக இறுகிவிடுமே என்பீர்கள். அதற்கு ஒரு வழி முளைகட்டிய கேழ்வரகில் இருக்கிறது. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி அதில் பெருகும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாகச் சூடு காட்டி அரைத்து வையுங்கள். கஞ்சியைக் கெட்டியாகவே காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கி, ஆனால் நல்ல சூடு இருக்கும்போது இந்த மாவில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். கண்ணெதிரே சில நிமிடங்களில் களி இளகிக் கூழாகும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் நொதி செத்துவிடும், ஒன்றும் நடக்காது. இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். முளைகட்டிய மாவில் கிருமி இருக்கலாம் என்பதால் இந்த இரண்டாம் கொதியை விட்டுவிடக் கூடாது. அதே ஒரு டம்ளரில் முன்பைவிடக் கூடுதல் மாவு உள்ளே போகும், தொண்டைக்கும் வழுவழுப்பாக இருக்கும். குழந்தைகளுக்காக இந்த முறையை ஊட்டச்சத்துத் துறையில் வெகுகாலமாகச் சொல்லி வருகிறோம். வாய் வெந்த பெரியவருக்கும் இது அப்படியே பொருந்தும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் அளவை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன சமைக்கிறோம் என்பதோடு எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் பழக்கம் நமக்கு. இங்கே தலைகீழ்: மருத்துவர் எழுதிய வலி மருந்தைச் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று கேளுங்கள். மருந்து வேலை செய்கிற அந்த நேரத்தில்தான் கஞ்சி. மரத்துப்போக ஜெல் தடவியிருந்தால் சூட்டைக் கையில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள்; வாய்க்குச் சூடு தெரியாது. சாப்பிட்டதும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு கலந்து கொப்பளித்துத் துப்ப வேண்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறி இருமினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடிப்பது மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தமாகலாம். அன்றே சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போடச் சொல்வார்கள். 'டியூப் போட்டுட்டா முடிஞ்சுது' என்று குடும்பமே அழும். அப்படி இல்லை, புண் ஆறும்வரை போடுகிற ஏற்பாடு, ஆறியதும் எடுத்துவிடுவார்கள். உட்காரவைத்தோ தலையை உயர்த்தியோதான் கொடுக்க வேண்டும், கொடுத்து முடித்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். 10 கிலோ இறங்கிய பிறகு போடுவதைவிட 3 கிலோவில் போடுவது மேல்.

பத்தியம் என்ற பெயரில்

என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பத்தியத்தில் இருக்கிறார்கள். பால் கூடாது, முட்டை சூடு, மீன் ஆகாது, கோழி கூடவே கூடாது, சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும். பக்கத்து வீட்டுக்காரர், வாட்ஸ்அப், ஊரிலிருந்து வந்த சித்தப்பா, ஆளுக்கொன்றைக் கழித்துவிட்டுக் கடைசியில் தட்டில் மிஞ்சுவது மோரும் இட்லியும். கட்டி மட்டுமல்ல, உடம்பின் மற்றச் செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் சாப்பிடாவிட்டால் உடம்பு தசையைக் கரைத்து அதைத் தயாரித்துக்கொள்ளும். கட்டி பட்டினி கிடக்காது, ஆள்தான் இளைப்பார்.

இன்னொரு பக்கம், சேர்க்கச் சொல்லி வரும் பட்டியல். முள்சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு, மஞ்சள் கேப்ஸ்யூல். நித்யகல்யாணிச் செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று யாருக்குத் தெரியும்? குழம்பில் போடும் மஞ்சள் வேறு, கேப்ஸ்யூலில் அடைத்தது வேறு. பழத்தில்கூட எச்சரிக்கை உண்டு: ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் பம்பளிமாஸ் தொடக் கூடாது. அது குடலில் மருந்து உடைவதைத் தடுத்து, ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும்.

கீமோ மட்டும் எடுப்பவர்களுக்குப் பெரிய தொல்லை குமட்டல். மருந்து ஏற்றும் நாளில் அவருக்கு மிகப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டுவருவார்கள், பாசத்தில். வேண்டாம். 1978இல் அமெரிக்காவில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியலாளர் கீமோவுக்கு முன்பு குழந்தைகளுக்குப் புதுச் சுவை ஐஸ்கிரீம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு அதே ஐஸ்கிரீமைக் கொடுத்தபோது அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒதுக்கினார்கள். வாந்தியையும் அந்தச் சுவையையும் உடம்பு முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதனால் மீன் குழம்புப் பிரியருக்கு அன்றைக்கு மீன் குழம்பைக் காட்டாதீர்கள். அது அவருக்குப் பின்னாளில் வேண்டும். அன்று உப்பு பிஸ்கட், பொரி, ஆறிய இட்லி, இஞ்சி தட்டிப்போட்ட தண்ணீர் போதும். ஆறிய உணவில் வாசனை குறைவு, குமட்டல் குறையும். தாளிக்கும் வாசனை எட்டாத அறையில் அவரை உட்கார வையுங்கள். வாந்தி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பதுதான் இஞ்சியைவிட முக்கியம்.

குளிர்ச்சி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. 5-எஃப்யூ என்ற மருந்தை ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது அரை மணி நேரம் வாயில் ஐஸ் துண்டு அடக்கிக்கொண்டால் புண் குறையும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி வாய்க்கு மருந்து குறைவாகப் போகும். ஆனால் குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவர் சில நாட்களுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீரைக்கூடத் தொடக் கூடாது. தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும், விரல் சுரீரென்னும். உங்கள் பாட்டிலில் இருப்பது என்ன மருந்து என்று நர்ஸிடம் கேட்ட பிறகு ஐஸுக்குப் போங்கள்.

பேதிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி, வேகவைத்த வாழைக்காய், மோர், ஓஆர்எஸ். பாலைச் சில நாள் நிறுத்துங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பழம், கீரை, கூடவே மருத்துவர் தரும் மருந்து.

கீமோ ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கும். அந்த நாட்களில் பழைய சோறு, பச்சை முட்டை, தள்ளுவண்டியில் நறுக்கி வைத்த பழம், பானிபூரி, காலையில் அரைத்து மதியம்வரை வெளியே இருந்த தேங்காய்ச் சட்னி எதுவும் வேண்டாம். பழத்தைக் கழுவி, தோலுரித்து அப்போதே சாப்பிடலாம். எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம், பாராசிட்டமால் என்று வீட்டில் உட்காராமல், நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்கு வாருங்கள்.

கடைசிக் கரண்ட் அன்று இனிப்போடு வந்து நன்றி சொல்லிவிட்டு, நேரே பிரியாணிக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. புண் அன்றோடு நிற்பதில்லை. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் உச்சத்தில் இருக்கும், ஆற மேலும் சில வாரம் ஆகும். சுவை திரும்ப மாதங்கள் ஆகலாம், உமிழ்நீர் பழைய அளவுக்கு வராமலும் போகலாம். அதுவரை கஞ்சியும் வாராவாரம் எடை பார்ப்பதும் தொடரட்டும். புண் ஆறியதாக மருத்துவர் சொன்னதும் முதலில் குழைந்த பருப்பு சாதம், பிறகு குழம்பில் நனைத்த இட்லி. அது எரியாமல் இறங்கினால் ரசத்தில் ஒரு சிட்டிகை மிளகு போட்டுப் பார்க்கலாம்.