சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு

பழைய வேனை இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால், தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அதில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். ஆனால் சூடுபட்டுப் பழசானால் அது பழுப்பாகிவிடும். பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே ஆயில்தான் என்பதால் அந்தத் தொட்டியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கறைக்கு நேர் மேலே ஆயில் பேன் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இருக்கிறது என்று உடனே அதன் கேஸ்கெட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பை, மாற்றுவது அவசரம். மேலே எங்கோ கசிந்த ஆயில் வழிந்து இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அடிப்பகுதியை நன்றாகக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறதோ அங்கேதான் சந்தேகம்.

அப்புறம், எப்போது ஒழுகுகிறது என்பது எனக்கு நிறத்தைவிட முக்கியமான துப்பு. என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் டார்க் கன்வெர்ட்டர். என்ஜின் ஓடும்போது அது நிறைய ஆயில் இருக்கும். வண்டி சில நாள் சும்மா நின்றால் அந்த ஆயில் மெல்ல வடிந்து பேனுக்கு இறங்கும். பேனில் மட்டம் ஏறும். வழக்கமாக மட்டத்துக்கு மேலே இருக்கும் கியர் லீவர் தண்டின் ஆயில் சீல் அப்போது ஆயிலில் மூழ்கிவிடும். பல வருடச் சூட்டில் ரப்பர் இறுகிப்போயிருந்தால் அந்த வழியாகச் சொட்டும். தினமும் ஓட்டும் வரை ஒழுகாத வண்டி, நிறுத்திப்போட்டால் ஒழுகுவது இதனால்தான்.

ஓடும்போது மட்டும் ஒழுகினால் அழுத்தம் உள்ள இடங்களைத் தேடுங்கள்: ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாய்கள், கியர்பாக்ஸ் ஆயிலைத் தள்ளும் பம்பின் முன் சீல். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் என்ஜினின் பின் சீலும் சந்தேகத்துக்கு உரியது.

சரி, தரையில் ஒரு சொட்டும் இல்லை, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) மட்டும் மட்டம் குறைகிறதா? சில பழைய கியர்பாக்ஸ்களில் வாக்குவம் மாடுலேட்டர் என்ற சிறு பாகம் உண்டு; என்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு அதை ஒரு ரப்பர் குழாய் இணைக்கும். அதற்குள் இருக்கும் சவ்வு கிழிந்தால் என்ஜினே ஆயிலை உறிஞ்சி எரித்து வெள்ளைப் புகையாக விட்டுவிடும். அந்த ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டரை மாற்ற வேண்டியதுதான்.