"தொழில்முறை புவியியலாளர்"னு ஒருத்தர் கிடையாது: ஒரு சொல் விளக்கம்

அமெரிக்கா, கனடா போய் ஜியாலஜி (பாறை, நிலத்தடி பத்தின அறிவியல்) மேல்படிப்பு படிக்க நினைக்கிற பசங்களுக்குன்னு தமிழ்ல நிறைய வழிகாட்டிக் கட்டுரைகள் வருது. நல்ல விஷயம்தான். ஆனா எதைத் தொறந்தாலும் "தொழில்முறை புவியியலாளர் ஆவது எப்படி", "தொழில்முறை புவியியலாளர் தேர்வு"ன்னே இருக்கு. அந்தப் பேர்ல இருக்கிறது ரெண்டு சொல். ரெண்டுமே தப்பு. ஒண்ணு தப்பா இருந்தாக்கூட இன்னொண்ணை வச்சு ஊகிச்சுக்கலாம், ரெண்டும் தப்புன்னா படிக்கிற பிள்ளை என்னதான் புரிஞ்சுக்கும்?

மூலச்சொல் புரொஃபஷனல் ஜியோசயின்டிஸ்ட், சில மாநிலங்கள்ல புரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட். சுருக்கமா பி.ஜி.ன்னு பேருக்குப் பின்னாடி போட்டுக்குவாங்க (நம்ம ஊர்ல பி.ஜி.ன்னா முதுகலைப் படிப்பு, இல்லேன்னா பேயிங் கெஸ்ட், அதனால அந்தச் சுருக்கத்தை அப்படியே விட்டுடவும் முடியாது). டெக்சாஸை எடுத்துக்குவோம். அங்க 2001-ல இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டு, மாநில அரசு ஒரு வாரியம் அமைச்சுது. ஜியாலஜி, ஜியோஃபிசிக்ஸ் (புவி இயற்பியல்), மண் அறிவியல்னு மூணு பிரிவுல லைசென்ஸ் குடுக்கிறாங்க. படிப்பு வேணும், பல வருஷ வேலை அனுபவம் வேணும், தேர்வு பாஸ் பண்ணணும். ஜியாலஜிக்கான தேர்வை மாநில வாரியங்கள் சேர்ந்து வச்சிருக்கிற அஸ்பாக் அமைப்பு நடத்துது, அடிப்படைத் தேர்வு ஒண்ணு, நடைமுறைத் தேர்வு ஒண்ணு. இதெல்லாம் முடிச்சு லைசென்ஸ் வாங்கினவருக்குத்தான் அந்தப் பட்டம், அவருக்குத்தான் முத்திரை. லைசென்ஸ் இல்லாம பொதுமக்களுக்கு அந்த வேலையைச் செஞ்சு குடுத்தாலோ அந்தப் பேரைப் போட்டுக்கிட்டாலோ சட்டப்படி குத்தம்.

சொல்லோட வேரைச் சீக்கிரம் பார்த்துடலாம். 'ஜியோ' கிரேக்கத்துல மண்ணுலகைக் குறிக்கிற சொல்லுலேர்ந்து வந்தது. 'லைசென்ஸ்' லத்தீன், 'செய்யலாம்னு விடப்பட்டது'ங்கிற பொருள். 'புரொஃபஷன்' அதுவும் லத்தீன், நாலு பேர் முன்னாடி வாய்விட்டு அறிவிக்கிறது, உறுதிமொழி எடுக்கிறதுன்னு அர்த்தம். இந்த மூணாவதுலதான் சிக்கலே ஆரம்பிக்குது.

'தொழில்முறை'ங்கிற சொல் தமிழ்ல எங்க உயிரோட இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. தொழில்முறை குத்துச்சண்டை, தொழில்முறை புகைப்படக்காரர், தொழில்முறை நாடகக்குழு. அதாவது பொழுதுபோக்குக்குப் பண்ணாம காசுக்குப் பண்றவங்க, அதையே பிழைப்பா வச்சிருக்கிறவங்க. அமெச்சூருக்கு எதிர்ச்சொல் அது. அந்த வேலைக்கு அது நல்ல சொல்தான், எனக்கு அதுல சண்டையே இல்ல. ஆனா புரொஃபஷனல் ஜியோசயின்டிஸ்ட்ல இருக்கிற புரொஃபஷனலுக்கு எதிர்ச்சொல் அமெச்சூர் இல்ல, லைசென்ஸ் இல்லாதவர். இதை ஒரே ஒரு உதாரணத்துல காட்டிடலாம். ஹூஸ்டன்ல ஒரு எண்ணெய் கம்பெனியில முப்பது வருஷமா வேலை பாக்கிற ஜியாலஜிஸ்ட், டாக்டர் பட்டம் வாங்கினவர், காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நில அதிர்வுப் படங்களைப் பாத்து எங்க துளை போடணும்னு சொல்றதுதான் அவர் வேலை. எண்ணெய், எரிவாயு தேடுற வேலைக்கு டெக்சாஸ் சட்டத்துலயே விலக்கு இருக்கு, அதனால அவருக்கு லைசென்ஸ் தேவையே இல்ல, பல பேர் வாங்குறதும் இல்ல. காலேஜ்ல பாடம் நடத்துறவங்களுக்கும் அதே மாதிரி விலக்கு. இப்போ சொல்லுங்க, அந்த எண்ணெய்க்காரர் தொழில்முறை ஆளா இல்லையா? சந்தேகமே இல்லாம தொழில்முறை ஆள். அவர் பி.ஜி.யா? இல்ல. "தொழில்முறை"ன்னு மொழிபெயர்த்தா அவர் உள்ள வந்துடுறார், சட்டம் அவரை வெளியில நிறுத்தியிருக்கு. சட்டம் போட்ட கோட்டையே அழிக்கிற சொல்லை எப்படிச் சரின்னு ஏத்துக்கிறது?

சரி, உள்ள இருக்கிறவர் யாரு? ஊருக்குள்ள ஒரு பழைய பெட்ரோல் பங்க், தரைக்குக் கீழ இருக்கிற டேங்க் துருப்பிடிச்சுக் கசிஞ்சிருக்கு. எவ்வளவு தூரம் பரவியிருக்கு, பக்கத்து வீட்டு கிணத்துப் பக்கம் போகுதான்னு யாராவது பாத்துச் சொல்லணும். அவர் வந்து துளை போட்டு மண் மாதிரி எடுப்பார், எத்தனை அடியில களிமண், எத்தனை அடியில மணல், எந்த அடியில பெட்ரோல் வாடைன்னு வரிவரியா எழுதுவார், கண்காணிப்புக் கிணறு குறைஞ்சது மூணு போடுவார், ஏன்னா மூணு இடத்துல தண்ணி மட்டம் தெரிஞ்சாத்தான் நிலத்தடி நீர் எந்தத் திசையில ஓடுதுன்னு கணக்குப் போட முடியும். கடைசியில அறிக்கையில முத்திரை போட்டு, கையெழுத்து போட்டு, தேதி போடுவார். அந்த முத்திரைதான் முக்கியம். நாளைக்கு அறிக்கை தப்புன்னு தெரிஞ்சா வாரியம் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும், அபராதம் போடும், லைசென்ஸையே புடுங்கும். காசு வாங்கி வேலை செய்றாரா, முழுநேரமாச் செய்றாரா, பகுதிநேரமாச் செய்றாராங்கிறது இங்க பேச்சே இல்ல, பொறுப்பு அவர் தலையில இருக்குங்கிறதுதான் பேச்சு. இது 'தொழில்முறை'யில எங்க இருக்கு?

இப்போ ரெண்டாவது தப்பு, 'புவியியலாளர்'. தமிழ்நாட்டுல ஆறாவது படிக்கிற பையனைக் கேளுங்க, புவியியல்னா மேப், மழை, பருவக்காற்று, எந்த மாநிலத்துல என்ன விளையுதுன்னு சொல்லுவான். ஜியாக்ரஃபிக்கு அந்தச் சொல் சமூக அறிவியல் புத்தகத்துல உக்காந்து பல தலைமுறை ஆச்சு. ஆனா அரசாங்கத்துல ஜியாலஜி அண்டு மைனிங் துறைக்கும் "புவியியல் மற்றும் சுரங்கத்துறை"ன்னுதான் பேரு. ஒரே அரசு, ஒரே சொல், ரெண்டு படிப்பு. பத்திரிகைக்காரங்க துறையோட பேரைப் பாத்துட்டு ஜியாலஜிஸ்ட்டைப் புவியியலாளர்னு எழுதுறாங்க, மேப் வரையிறவரும் அவரே, பாறையை உடைச்சுப் பாக்கிறவரும் அவரேன்னு ஆயிடுது. இலங்கையில இந்தக் குழப்பம் கிடையாது. அங்க ஜியாக்ரஃபி புவியியல், ஜியாலஜி புவிச்சரிதவியல். சொல் கொஞ்சம் நீளம், ஆனா ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். இந்த ஒழுங்கை நாம அவங்ககிட்டேர்ந்து கத்துக்கணும்.

நம்ம பக்கத்துல ஜியாலஜிக்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கு, நிலவியல். நிலம் தமிழ்ச்சொல், புவி வடமொழி வழி வந்தது, அதனால தூய்மை பாக்கிறவங்களுக்கும் நிலவியல்தான் பிடிக்கும். எனக்கு அது ரெண்டாம்பட்சக் காரணம், தெளிவுதான் முதல் காரணம். நிலவியலுக்கு எதிரா ஒரு வாதம் உண்டு, அது நேர்மையான வாதம். நிலம்+இயல் நிலவியல், நிலவு+இயலும் நிலவியல்தான், அப்போ சந்திரனைப் படிக்கிறதான்னு கேக்குறாங்க. புணர்ச்சி விதிப்படி அவங்க சொல்றது சரி. ஆனா நிலாவைப் படிக்கிற துறையைப் பத்தித் தமிழ்ல யாரு தினமும் எழுதுறாங்க? அதுக்குத் தேவை வந்தா மதியியல்னு வச்சுக்கலாம். பள்ளிக்கூடத்துல லட்சக்கணக்கான பிள்ளைங்க தினமும் படிக்கிற பாடத்தோட பேர்ல மோதுறதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனா ஒண்ணு, நிலவியலர்னு எல்லா இடத்துலயும் போட்டுட முடியாது. டெக்சாஸ் சட்டத்துல இருக்கிறது ஜியோசயின்டிஸ்ட், அதுக்குள்ள ஜியோஃபிசிக்ஸ்காரரும் மண் அறிவியல்காரரும் இருக்காங்க. அவங்களை நிலவியலர்னு கூப்பிட்டா அவங்களே சண்டைக்கு வருவாங்க. அதுக்குப் புவி அறிவியலர்தான் சரி. கலிஃபோர்னியாவுல ஜியாலஜிஸ்ட் தனி, ஜியோஃபிசிசிஸ்ட் தனி. அங்க நிலவியலர், புவி இயற்பியலர்னு பிரிச்சே எழுதணும்.

இனி 'தொழில்முறை'க்குப் பதிலா என்ன போடுறது? மூணு போட்டிச்சொல் சுத்துது. 'பதிவு பெற்ற', 'சான்று பெற்ற', 'உரிமம் பெற்ற'.

பதிவு பெற்றங்கிறதுக்கு ஒரு பலம் இருக்கு. நம்ம ஊர்ல டாக்டரைப் பதிவு பெற்ற மருத்துவர்னு சொல்றோம், அதுல சட்டத்தோட பலம் தெரியுது. அமெரிக்காவுலயும் பல மாநிலங்கள் ரெஜிஸ்டர்டுன்னுதான் ஆரம்பிச்சாங்க. முதல்ல சட்டம் கொண்டுவந்தது அரிசோனா, 1956-ல. கலிஃபோர்னியா 1968-ல சட்டம் போட்டப்போ ரெஜிஸ்டர்டு ஜியாலஜிஸ்ட்டுன்னுதான் பேரு, பிற்பாடுதான் புரொஃபஷனல்னு மாத்துனாங்க. ஆளு அதே ஆளு, அதிகாரம் அதே அதிகாரம், அடைமொழி மட்டும் மாறிச்சு. ஓரிகன்ல இன்னும் ரெஜிஸ்டர்டுதான். இதுலேர்ந்தே தெரியுது, ஆங்கில அடைமொழியைப் பிடிச்சுக்கிட்டு மொழிபெயர்த்தா மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற தமிழ்ப் பேர் வரும், அடியில இருக்கிற பொருள் ஒண்ணா இருந்தும். பதிவுன்னா நம்மாளுங்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, பத்திரப்பதிவு, கல்யாணப் பதிவும் ஞாபகம் வரும். பேரை நோட்டுல ஏத்திக்கிட்டா போதுங்கிற தொனி அதுல ஒட்டிக்கிட்டே இருக்கு, தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினது தெரியல.

சான்று பெற்றங்கிறது இன்னும் ஆபத்து. அமெரிக்காவுல 1963-ல ஆரம்பிச்ச ஒரு நிலவியலர் சங்கம் இருக்கு, அவங்களும் தகுதி பாத்துச் சான்றிதழ் குடுக்கிறாங்க, மரியாதையான சான்றிதழ்தான். ஆனா அது சங்கம் குடுக்கிறது, மாநிலம் குடுக்கிறது இல்ல. லைசென்ஸ் கட்டாயமா இருக்கிற மாநிலத்துல அதை மட்டும் வச்சுக்கிட்டு முத்திரை போட முடியாது. இந்த வித்தியாசத்தைத் தமிழ்ல அழிச்சுட்டா, சங்கத்துச் சான்றிதழ் வாங்கினா வேலை முடிஞ்சதுன்னு பையன் நம்பிப் போவான், பணமும் வருஷமும் போகும்.

உரிமம் பெற்றங்கிறது இந்த ரெண்டு குறையும் இல்லாதது. உரிமம்னா குடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார், நிபந்தனை இருக்கு, காலக்கெடு இருக்கு, தப்பு பண்ணினா ரத்தாகும். ஓட்டுநர் உரிமம் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும், லைசென்ஸ்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுறவங்களுக்கும் தெரியும். இலங்கைத் தமிழர் அனுமதிப்பத்திரம்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு அது. கனடா ஒன்டாரியோவுலயும் இது பொருந்தும். கனடாவுல 1997-ல பிரி-எக்ஸ்ங்கிற கம்பெனியோட தங்கச் சுரங்க மோசடி வெடிச்சுது, இந்தோனேசியாவுல எடுத்த பாறை மாதிரியில வெளியிலேர்ந்து தங்கத்தைக் கலந்து முதலீட்டாளர்களை ஏமாத்தினது. அதுக்கப்புறம் 2000-ல ஒன்டாரியோவுல புவி அறிவியலர் சட்டம் வந்துச்சு. அங்க உரிமம் குடுக்கிறது அரசு நேரடியா இல்ல, சட்டம் அதிகாரம் குடுத்த, அந்தத் துறைக்காரங்களோட அமைப்பு. அதனாலதான் 'அரசு உரிமம்'னு நான் எழுதல, வெறும் உரிமம்னா ரெண்டு ஏற்பாட்டுக்கும் சரியா வரும்.

இதுல உரிமம் எதுக்கு இவ்வளவு முக்கியம்னு கேக்குறவங்க 1928-ஐப் பாக்கணும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே செயின்ட் பிரான்சிஸ் அணை மார்ச் 12 நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடி உடைஞ்சுது, நானூறு பேருக்கு மேல செத்தாங்க. அன்னிக்குப் பகல்லதான் அணையைக் கட்டின தலைமைப் பொறியாளர் முல்ஹாலண்ட் நேர்ல வந்து கசிவைப் பாத்துட்டு ஆபத்தில்லைன்னு சொல்லிட்டுப் போயிருந்தார். அணையோட ஒரு தோள் (ரெண்டு பக்கமும் மலையில முட்டுற இடம்தான் தோள்) பழைய நிலச்சரிவு மேல, இன்னொரு தோள் செந்நிறப் பாறை மேல. அந்தச் செந்நிறப் பாறைத் துண்டைத் தண்ணியில போட்டா கரைஞ்சு சேறாயிடும். அடுத்த வருஷமே கலிஃபோர்னியா சிவில் இன்ஜினியர்களுக்குப் பதிவுச் சட்டம் கொண்டுவந்துது. ஆனா பாறையைப் படிக்கிறவங்களுக்குச் சட்டம் வர இன்னும் கிட்டத்தட்ட நாப்பது வருஷம் ஆச்சு.

ஒரு விதிவிலக்கையும் சொல்லணும். கொலராடோவுல புரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட்னா யாருன்னு சட்டத்துல வரையறை இருக்கு, படிப்பு இவ்வளவு, அனுபவம் இவ்வளவுன்னு. ஆனா வாரியமும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. அங்க உரிமம் பெற்றன்னு எழுதினா பொய். சட்டத் தகுதி பெற்ற நிலவியலர்னு எழுதலாம். லைசென்ஸ் குடுக்கிற மாநிலங்கள் முப்பதுக்கு மேல, மத்த இடத்துல என்ன ஏற்பாடுன்னு பாக்காம கை வைக்கக்கூடாது. இதுக்குத்தான் மொழிபெயர்க்கிறவங்க சட்டத்தோட வரையறைப் பகுதியை ஒரு தடவையாவது படிக்கணும்னு சொல்றேன், பெரும்பாலும் ரெண்டு பக்கம்தான் இருக்கும். இப்போ நடக்கிறது என்னன்னா அகராதியில புரொஃபஷனலுக்கு நேரா முதல்ல இருக்கிற சொல்லை எடுத்து ஒட்டுறாங்க, மெஷினும் அதையே கத்துக்கிட்டு அதையே துப்புது, அப்புறம் மனுஷங்க மெஷினைப் பாத்து எழுதுறாங்க. "தொழில்முறை ஆலோசனை பெறவும்", "தொழில்முறை பொறியாளர்", "தொழில்முறை செவிலியர்"னு எங்க பாத்தாலும் இதேதான். புரொஃபஷனல் இன்ஜினியருக்கும் இதே வைத்தியம்தான், உரிமம் பெற்ற பொறியாளர்.

கூடவே வர்ற பேருங்களையும் சொல்லிடுறேன். இன்ஜினியரிங் ஜியாலஜிஸ்ட் பொறியியல் நிலவியலர், ஹைட்ரோஜியாலஜிஸ்ட் நிலத்தடி நீரியலர். கலிஃபோர்னியாவுல இந்த ரெண்டுக்கும் சர்டிஃபைடுன்னு முன்னாடி வரும், ஆனா அது சங்கத்துச் சான்று இல்ல, நிலவியலர் உரிமத்துக்கு மேல மாநிலமே குடுக்கிற சிறப்புத் தகுதி. அதனால அங்க 'சிறப்பு உரிமம் பெற்ற'ன்னு போட்டாத்தான் பொருள் நிக்கும். அடிப்படைத் தேர்வு பாஸ் பண்ணிட்டு அனுபவம் சேத்துக்கிட்டு இருக்கிறவரை டெக்சாஸ்ல ஜியோசயின்டிஸ்ட் இன் டிரெயினிங்னு சொல்லுவாங்க. அதைப் 'பயிற்சி மாணவர்'னு ஒரு இடத்துல எழுதியிருந்தாங்க, அவர் பட்டம் வாங்கி வேலை பாத்துச் சம்பளம் எடுக்கிறவர், மாணவர் இல்ல. பயிற்சிநிலைப் புவி அறிவியலர்னு எழுதுங்க, இன்னும் முத்திரை கைக்கு வரலைங்கிறதும் அதுலயே வந்துடும்.