லாரிங்கறது குடோன் கிடையாது சாமி

பெங்களூருக்கு வெளிய நெலமங்கலா பக்கம் ஒரு குடோன்ல 17 வருஷமா சரக்கு இறக்குற வேலைய பாத்துட்டு இருக்கேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம் எங்க கேட்டுக்கு வெளிய 11 வண்டி லைன்ல நின்னுச்சு, அதுல ஒரு நாமக்கல் வண்டி மூணாவது நாளா நிக்குது. நான் ரவுண்ட்ஸ் போறப்ப அந்த டிரைவர் அண்ணன் வண்டியோரமா ஸ்டவ்வ பத்த வெச்சு ரசம் தாளிச்சுட்டு இருந்தாரு. "உள்ள எடமே இல்லண்ணே, காலைல இறக்கிடலாம்"னேன். கரண்டிய கூட கீழ வைக்கல, "உங்களுக்கு குடோன் வாடகை மிச்சம், என் வண்டிக்கு டியூ யாரு சார் கட்டுறது"ன்னாரு. எங்கிட்ட பதில் இல்ல.

இந்த மாதிரி நேரத்துல எனக்கு ஹெர்மன் ஹாப்ட் ஞாபகம்தான் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்கு ராணுவத்துக்கு ரயில் ஓட்டிக் குடுத்த இன்ஜினியர், 18 வயசுல வெஸ்ட் பாயிண்ட் ராணுவ காலேஜ்ல படிச்சு முடிச்ச ஆளு, நடுவுல ஹூசாக்னு ஒரு ரயில் சுரங்கப்பாதை கான்ட்ராக்ட் எடுத்து நல்லா கையச் சுட்டுக்கிட்டவரு. 1862ல பொட்டோமாக் கிரீக்குங்கற ஓடை மேல 400 அடி நீளத்துக்கு 9 நாள்ல பாலம் கட்டினாரு, வேலை செஞ்சது மரவேலை தெரியாத சிப்பாய்ங்க, போட்டது பட்டை கூட உரிக்காத மரம். லிங்கன் போய் பாத்துட்டு, வெறும் அவரைப் பந்தல் குச்சியும் சோளத்தட்டையும்தான்யா இருக்கு, அது மேல லோடு ரயில் ஓடுதுன்னு அசந்து போனாராம்.

எல்லாரும் பாலத்தோட நிறுத்திடுவாங்க. எனக்கு அவரு போட்ட ரூல்தான் பெருசு. போர்முனைக்கு பக்கத்துல இருக்கற ஸ்டேஷனுக்கு தேவைப்படாம சரக்கு அனுப்பாத, அங்க உடனே எடுக்க முடிஞ்ச அளவுக்குத்தான் அனுப்பு, வந்த வண்டிய காலி பண்ணி உடனே திருப்பி விடு. அவ்ளோதான். ஆனா ஆபீசருங்க ரயில் பெட்டியவே ஸ்டோர் ரூமா வெச்சுக்கிட்டாங்க, ஒரு ஜெனரல் ரயில தன் இஷ்டத்துக்கு மடக்கி போட்டாரு. எந்த ஊர் கதையா இருந்தா என்ன, எங்க யார்டு மாதிரியே இல்ல?

1863 ஜூலை, அதே போர்ல கெட்டிஸ்பர்க் சண்டை. சரக்கு போக இருந்தது வெஸ்ட்மின்ஸ்டர்ங்கற அமெரிக்க ஊர் வரைக்கும் 29 மைல் ஒத்தை டிராக், தந்தி கிடையாது, ரயில் ஒதுங்க சரியான சைடிங் கிடையாது, ஒரு நாளைக்கு 3, 4 ரயில் ஓடினாலே அதிகம்ங்கற லைனு. இவரு 5 ரயில ஒண்ணா சேத்து, ஒவ்வொண்ணுக்கும் 10 பெட்டி, 8 மணி நேரத்துக்கு ஒரு செட்டுன்னு அனுப்பினாரு. இன்ஜினுக்கு தண்ணி ஓடையில இருந்து பக்கெட்ல மொண்டு ஊத்தினாங்க. அப்படி ஒரு நாளைக்கு 15 ரயில். ஒத்தை டிராக்குங்கறதால முதல் செட்டு இறக்கிட்டு திரும்பினாதான் அடுத்தது கிளம்பவே முடியும். திரும்பற காலி பெட்டியிலதான் அடிபட்டவங்கள ஏத்திட்டு வந்தாங்க, அப்ப ஒரு பெட்டிய சும்மா நிறுத்தி வெச்சா அங்க யாரோ ஒருத்தன் வைக்கோல் மேல காயத்தோட படுத்துக் கெடக்கான்னு அர்த்தம்.

இங்க யாரும் சாகல, சரி. ஆனா மாசக் கடைசி டார்கெட்டுக்காக கம்பெனிக்காரன் தள்ளி விடற சரக்க, டிஸ்கவுண்ட் வருதேன்னு நம்ம பர்ச்சேஸ் ஆளுங்க வாங்கிப் போடறாங்க பாருங்க, கூத்து அங்கதான் ஆரம்பிக்குது. சரக்கு இறக்கற டாக்ல எத்தனை வண்டி நிக்குதுன்னு ஒரு போன் போட்டு கேட்டுட்டு லோடு கிளப்புங்க. வண்டி காத்து நின்னதுக்கு குடுக்க வேண்டிய ஹால்டிங் சார்ஜ டிரைவர் எழுதிக் கேக்கற வரைக்கும் இழுக்காம நீங்களே சேத்து குடுங்க.

அந்த ரச வாசனைக்கு அப்புறம் நான் செக்யூரிட்டிகிட்ட ஒரு சாக்பீஸ் குடுத்து, வண்டி வந்த தேதியும் மணியும் பம்பர் மேல பெருசா எழுத சொல்லிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு மேனேஜர் கார்ல வந்து இறங்கி, "என்னப்பா இது வண்டியெல்லாம் கிறுக்கி வெச்சிருக்கீங்க"ன்னாரு. வரிசையா நாலு பம்பர படிச்சுட்டு, அங்கயே நின்னு பர்ச்சேஸுக்கு போன் போட்டாரு.