கணக்கு டீச்சரே, உங்க கணக்கைப் போட்டீங்களா?

எம்எஸ்சி மேத்ஸ் முடிச்சுட்டு கல்யாணம், குழந்தைன்னு வீட்டோட இருக்கிற நிறைய பேர் எங்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான். "அக்கா, ஆன்லைன்ல டியூஷன் எடுத்தா நல்ல காசாமே, எந்த கம்பெனியில சேரலாம்?" காசு வரும், இல்லைன்னு சொல்லல, என் குடும்பமே அதுலதான் ஓடுது. ஆனா கம்பெனி பேரு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் லாப நட்டம் சொல்லித் தர்ற நாமதான் நம்ம வேலைன்னு வந்தா கணக்கே பாக்காம தலையாட்டிடுறோம்.

மணிக்கு 300 ரூபான்னு ஒரு ஆஃபர் வருதுன்னு வைங்க. அந்த மணிங்கிறது கிளாஸ் ஓடுற மணி மட்டும்தான். அதுக்கு முன்னாடி கணக்கு எடுத்து வைக்கணும், முடிஞ்சதும் புள்ள அனுப்புன நோட்டு போட்டோவைத் திருத்தணும், அம்மாவுக்கு "இன்னைக்கு காரணிப்படுத்துதல்ல கொஞ்சம் தடுமாறுறான்"னு மெசேஜ் போடணும், எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் சாதாரணமா போயிடும். அப்ப மாசம் 20 கிளாஸுன்னா 30 மணி நேர வேலை. இதோட ஃப்ரீ டெமோ, "மிஸ் இன்னைக்கு ஃபங்ஷன், வரல"ன்னு கடைசி நிமிஷத்துல வர்ற மெசேஜ், இதுக்கெல்லாம் ஒரு 5 மணி நேரம் சேருங்க. வர்றது 6000, நெட்டுக்கு 700 போனா 5300, அதை 35ஆல வகுங்க. சுமாரா 150 ரூபாதான் நிக்கும், சரியா சொன்னா 151 சொச்சம். இது வேண்டாத வேலைன்னு சொல்லல, ஆனா 300ன்னு நினைச்சு இறங்குறதும் 150ன்னு தெரிஞ்சு இறங்குறதும் வேற வேற. தெரிஞ்சவங்க முதல் நாளே பேசிடுவாங்க, ஃபீஸ் மாசம் ஆரம்பத்துலயே, கிளாஸ் கேன்சல் பண்றதா இருந்தா முந்தின நாளே சொல்லணும், சொல்லலைன்னா அந்த கிளாஸ் நடந்ததாத்தான் கணக்கு. மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமோன்னு நம்மாளுங்க தயங்குறாங்க. டென்டிஸ்ட்கிட்ட இப்படி யாராவது பேரம் பேசுறோமா?

அடுத்தது நேரம். புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துதான் டியூஷனுக்கு உக்காருவாங்க, அப்ப அவங்க ஊர்ல சாயங்காலம் 5 மணிங்கிறது நம்ம ஊர்ல எத்தனை மணின்னு பாருங்க. துபாய்னா 6:30. சிங்கப்பூர்னா மதியம் 2:30, வீட்டுல இருக்கிறவங்களுக்கு இதுதான் ரொம்ப வசதி. லண்டன்னா குளிர்காலத்துல ராத்திரி 10:30. நியூயார்க்னா கோடைல விடியகாலை 2:30, குளிர்காலத்துல 3:30. அமெரிக்கால மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாத்துவாங்க, அந்த வாரம் பாதி டீச்சருங்க ஒரு மணி நேரம் முன்ன பின்ன வந்து நிப்பாங்க. அமெரிக்கா புள்ளைன்னா ரேட் ஜாஸ்தின்னு மட்டும் பாக்காதீங்க, விடியகாலை எந்திரிச்சு கிளாஸ் எடுத்துட்டு காலையில உங்க புள்ளைக்கு டிபன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்புறதும் நீங்கதான்.

பாடமும் ஊருக்கு ஊரு மாறும். சிங்கப்பூர்ல பிரைமரி புள்ளைங்க பார் மாடல்னு கட்டம் போட்டுத்தான் வாக்கியக் கணக்கு போடுவாங்க, அந்தப் புள்ளைகிட்ட போய் "எக்ஸ்னு வச்சுக்கோ"ன்னு ஆரம்பிச்சா ஸ்கூல்ல போடுறது ஒண்ணு நீங்க சொல்றது ஒண்ணுன்னு குழம்பிடும். அமெரிக்கா காலேஜ்ல சேர எழுதுற எஸ்ஏடி பரீட்சை இப்ப முழுக்க கம்ப்யூட்டர்ல, உள்ளேயே டெஸ்மோஸ் கால்குலேட்டர் இருக்கு, அதுல கிராஃப் போட்டு விடை எடுக்கத் தெரியாம பக்கம் பக்கமா ஸ்டெப் போட்டுக் காட்டுற டீச்சரை அந்தப் பசங்க வச்சுக்க மாட்டாங்க. நம்ம ஊரு சிபிஎஸ்இ பத்தாங்கிளாஸ் கணக்குலயே ஸ்டாண்டர்டு, பேசிக்னு ரெண்டு இருக்கு, எதுன்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.

பொருளுக்கு ரொம்ப செலவு பண்ண வேண்டாம். கம்ப்யூட்டர்ல மாட்டி பேனாவால எழுதுற சின்ன பென் டேப்லெட் ஒண்ணு போதும், மவுஸை வச்சு பின்னம் எழுதுறது கொடுமை. ஜூம் ஃப்ரீயில 40 நிமிஷத்துல கட் ஆகும், ஒரே புள்ளைன்னா கூகுள் மீட்ல அந்தத் தொல்லை இல்ல. மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் கட் பண்ற நாளை முன்னாடியே பாத்து கிளாஸை மாத்தி வச்சிடுங்க.

டேப்லெட்டை விட முக்கியம் புள்ளையோட நோட்டு உங்களுக்குத் தெரியணும். நேர்ல உக்காந்தா பென்சில் எங்க நிக்குதுன்னு பாத்தே எங்க சிக்குச்சுன்னு சொல்லிடலாம். ஸ்க்ரீன்ல மூஞ்சி மட்டும்தான் தெரியும், அது "புரிஞ்சது மிஸ்"னு தலையாட்டும். நாம அழகா கலர் கலரா போட்டுக் காட்டுவோம், அது காப்பி பண்ணும், டெஸ்ட்ல 40க்கு 11 வாங்கும். அதனால வீட்டுல இருக்கிற பழைய போனை நோட்டுக்கு மேல பாக்குற மாதிரி ஒரு ஸ்டாண்டுல மாட்டி அதையும் மீட்டிங்ல சேக்கச் சொல்லுங்க. நான் எழுதுறதை விட புள்ள எழுதுற நேரம்தான் ஜாஸ்தியா இருக்கணும். மைனஸை அடைப்புக்குள்ள பெருக்கும்போது ரெண்டாவது உறுப்புக்குக் குறி மாத்தாம விடுறதெல்லாம் இப்படிப் பாத்தாத்தான் மாட்டும்.

இப்ப ஏமாத்து வேலைங்க. வேலை குடுக்குறவன் உங்ககிட்ட காசு கேட்டா, அது ரெஜிஸ்ட்ரேஷனோ, டிரெயினிங் ஃபீஸோ, லேப்டாப் டெபாசிட்டோ, அங்கேயே போனை வச்சிடுங்க. இன்னொண்ணு, "ஆர்மில இருக்கேன், என் பொண்ணுக்கு டியூஷன் வேணும், மூணு மாச ஃபீஸும் அட்வான்ஸா போடுறேன்"னு இந்தியில பேசி, ஐடி கார்டு போட்டோ எல்லாம் அனுப்பி, க்யூஆர் கோடு ஒண்ணை ஸ்கேன் பண்ணச் சொல்லுவான். யுபிஐல காசு வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டா போறது உங்க காசுதான். போயிடுச்சுன்னா அழுதுட்டு உக்காராம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு தூரம் பணத்தை நடுவுல நிறுத்த வாய்ப்பு இருக்கு.

இது ஏமாத்து இல்ல, அதை விட மோசம்: "அசைன்மென்ட் ஹெல்ப்". பரீட்சை நடக்குற நேரத்துல வாட்ஸ்அப்ல இருங்க, கேள்வி போட்டோ வரும், பதில் போட்டு அனுப்புங்கன்னு கிளாஸ் ரேட்டை விட ரெண்டு மடங்கு குடுப்பாங்க. காலேஜ் மாணவங்களுக்குக் காசு வாங்கிட்டு இப்படிச் செஞ்சு குடுக்குறது ஆஸ்திரேலியால 2020லயும் இங்கிலாந்துல 2022லயும் சட்டப்படி குற்றம்னே ஆயிடுச்சு. சட்டமே இல்லாட்டியும் டீச்சர்னு சொல்லிட்டு இதைச் செய்யக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

புள்ளையோட தனி சாட் வேண்டாம், குரூப்ல அம்மாவோ அப்பாவோ இருக்கட்டும். கிளாஸை ரெக்கார்டு பண்றதா இருந்தா கேட்டுட்டுப் பண்ணுங்க, புள்ள பேசுற வீடியோவை விளம்பரத்துக்குப் போடவே போடாதீங்க.

கம்பெனி மூலமா எடுத்தா சம்பளம்னு இல்லாம புரொஃபஷனல் ஃபீஸுன்னு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே எடுக்குற வருமான வரி, பிடிச்சுட்டுக் குடுக்கலாம். பிடிச்ச காசு உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கான்னு பாருங்க, வருமானம் வரி கட்டுற அளவுக்கு இல்லைன்னா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிடலாம். ரிட்டர்னே போடாம அதை விட்டுட்டவங்க எத்தனை பேர் தெரியுமா, அதுவும் கணக்கு டீச்சருங்க! அப்புறம் ஒரே கம்பெனியை நம்பி இருக்காதீங்க, அவ்வளவு பெரிய ஆன்லைன் பாடக் கம்பெனி பைஜூஸே 2024ல திவால் வழக்குக்குள்ள போச்சு. ரெண்டு மூணு புள்ளைங்களாவது உங்க மூலமா நேரடியா வந்ததா இருக்கட்டும்.

பிஎட் வேணுமான்னும் கேக்குறாங்க. வீட்டுல இருந்து தனியா எடுக்க அது கட்டாயம் இல்ல, சில கம்பெனிங்க கேப்பாங்க. ஆனா ஸ்கூல்ல டீச்சரா இருந்துக்கிட்டே சாயங்காலம் டியூஷனும் எடுக்கலாம்னு நினைக்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 28வது பிரிவு, டீச்சர் யாரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது, ஆன்லைன்னா பரவாயில்லைன்னு அதுல எங்கயும் இல்ல.