கழற்றி மாட்டும் கூரை: சிக்கல் விளிம்பில் இருக்கிறது

கீரிப்பாறையிலிருந்து எஸ்டேட் பக்கம் ஏறும் பழைய ஜீப்புகளுக்குத் தலையில் படுதாதான். கிழிந்தால் நாகர்கோவிலில் புதுசு தைத்துக் கட்டிக்கொள்ளலாம். ஒழுகினால் ஓட்டுநர் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை, தோளில் கிடக்கும் துண்டு எதற்கு இருக்கிறது? இப்போது அதே சாலையில் ஏறும் புது வண்டிக்காரர்கள் அப்படியில்லை. பல லட்சம் கொடுத்து வாங்கியவருக்கு ஏசி குளிர வேண்டும், பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும், ஒரு சொட்டு உள்ளே விழக் கூடாது. மழை ஓய்ந்த தை மாதத்தில் கூரையைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்த வண்டியில் காளிகேசம் போகவும் ஆசை.

இந்த இரண்டு ஆசையும் ஒரே வண்டியில் அடங்குவது அபூர்வம். 2020 அக்டோபர் 2 அன்று மஹிந்திரா தார் வந்தபோது அதில் மடக்கும் படுதாக் கூரை ஒரு வகை, கெட்டிக் கூரை வேறொரு வகை. அந்தக் கெட்டிக் கூரை நினைத்தபோது கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. மஹிந்திராவும் சுசுகியும் கொடுக்காத இந்த வசதியை ஜீப் ராங்ளர் கொடுக்கிறது. 2021 முதல் புனே அருகே ரஞ்சன்காவில் அதை அசெம்பிள் செய்கிறார்கள், விலை அரைக் கோடிக்கு மேல். ஒரு மூடியைக் கழற்றி மாட்டும்படி செய்வது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கலாம். மூடியைச் செய்வது பெரிய காரியமில்லை. அதன் விளிம்பு எங்கெல்லாம் வண்டியைத் தொடுகிறதோ அங்கெல்லாம்தான் வேலை.

சாதாரணக் காரில் கூரை என்பது உடம்பின் ஒரு பகுதி. தகட்டைத் தூண்களோடு வெல்டிங் செய்து, முழு வண்டியையும் ஒரு மூடிய பெட்டியாக்கி விடுகிறார்கள். வண்டி முறுகாமல் இருப்பதில் கூரைக்கும் பங்கு உண்டு. கழற்றும் கூரைக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்க முடியாது, அது இல்லாமலும் வண்டி ஓட வேண்டுமே. அதனால் பாரத்தை அடியில் உள்ள ஏணி வடிவ இரும்புச் சட்டமும், கவிழ்ந்தால் ஆட்களைக் காக்க உள்ளே இருக்கும் இரும்புக் கூண்டும் ஏற்கின்றன. பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு போகிற வழியில் ஒரு சக்கரம் பாறையிலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது அந்தச் சட்டம் கொஞ்சம் முறுகும். முறுக வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் கூரையோ முறுக மறுக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இடைவெளியை அடைக்கும் ரப்பர்ப் பட்டை, அதாவது பீடிங். கீச்சுக் கீச்சென்று சத்தம் வருவதும் அங்கிருந்துதான்.

ராங்ளரின் கெட்டிக் கூரை மூன்று துண்டு. முன்னால் ஓட்டுநர் தலைக்கு மேல் ஒன்று, பக்கத்து இருக்கைக்கு மேல் ஒன்று, பின்னால் கண்ணாடிகளோடு கூடிய பெரிய துண்டு. முன்பலகைகள் கையால் திருகும் கொக்கிகளில் நிற்கின்றன, ஒருவரே எடுத்துவிடலாம். பின்துண்டுக்கு போல்ட்டுகள் உண்டு, வைப்பருக்கும் கண்ணாடிச் சூடேற்றிக்கும் போகும் மின்வயர் உண்டு, கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயும் உண்டு. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். இந்த மூன்று துண்டும் ஒன்றையொன்று தொடும் கோடுகள், கதவுச் சட்டத்தைத் தொடும் கோடுகள், முன்கண்ணாடிச் சட்டத்தைத் தொடும் கோடு என்று விளிம்பு நீண்டுகொண்டே போகிறது. போதாக்குறைக்கு ராங்ளரின் முன்கண்ணாடிச் சட்டமே மடியக்கூடியது. அசையும் ஒன்றின் மேல் கழலும் ஒன்று வந்து உட்காருகிறது.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டாலரன்ஸ், அதாவது அளவில் இவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற சலுகை உண்டு. சட்டத்தில் 1 மி.மீ. ஏறலாம், பலகையில் 1 மி.மீ. குறையலாம், கொக்கி இருக்கும் இடம் அரை மி.மீ. விலகலாம். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சரிதான். ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டால் இடைவெளி இரண்டரை மி.மீ. மாறிவிடும். அதை நிரப்புவது பீடிங்கின் வேலை. இடைவெளி கூடினால் அது அமுங்காது, தண்ணீர் போகும். குறைந்தால் அதிகமாக அமுங்கும், கொக்கி பூட்டாது. நேர்க்கோட்டில் இதைச் சமாளித்துவிடலாம். இடது பலகை, வலது பலகை, பின்துண்டு மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்கும் இடம்தான் ஆபத்து. மூன்று ரப்பர் முனைகள் கூடுகிற அந்த இடத்தில் ஊசித் துளை அளவு வழி இருந்தாலும் போதும், நுண்புழை ஏற்றத்தால் தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு உள்ளே வரும். அதனால் நல்ல வடிவமைப்பாளர் ஒரே பீடிங்கை நம்புவதில்லை. முதல் பீடிங்கைத் தாண்டி வரும் தண்ணீரைப் பிடிக்க ஒரு வாய்க்கால், அதை வெளியே விட ஒரு துளை, அதற்கப்புறம் இரண்டாவது பீடிங். துளையில் ரப்பர்த் தோட்டத்துச் சருகு அடைத்துக்கொண்டால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும்.

இங்கே நம் மாவட்டத்துக்காரர் ஒரு கேள்வி கேட்பார். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி குமரியில்தான் விளைகிறது, அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடமே நாகர்கோவில். அந்த ரப்பரில்தானே இந்த பீடிங் செய்வார்கள்? இல்லை. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி முழுக்க, ஐசோப்ரீன் அலகு ஒவ்வொன்றிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. காற்றில் மிகச் சிறு அளவில் உள்ள ஓசோன் அந்தப் பிணைப்பைத் தேடித் தாக்கி, சங்கிலியையே அறுத்துவிடும். ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் இழுத்த திசைக்குக் குறுக்கே கோடு கோடாக வெடிக்கும். வளைவில் மாட்டிய பீடிங் எப்போதும் இழுபட்ட நிலையில்தானே இருக்கிறது. அதனால் பீடிங்குக்கு எடுப்பது பெட்ரோலிய வாயுக்களிலிருந்து செய்யும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது, பக்கக் கிளையில் மட்டும் கொஞ்சம் இருக்கும். ஓசோன் அங்கே கடித்தாலும் சங்கிலி அறாது. வெயிலுக்கும் மழைக்கும் அது பல வருடம் தாக்குப்பிடிக்கிறது. இயற்கை ரப்பர் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டில், அதிர்வைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய இடத்தில், அதன் மதிப்பு வேறு.

ஈ.பி.டி.எம்.முக்கும் ஒரு பலவீனம் உண்டு, பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. பீடிங் கீச்சிடுகிறதே என்று கிரீஸ் தடவுவதும், டீசல் துணியால் துடைப்பதும் நம் பட்டறைகளில் சாதாரணம். ரப்பர் ஊறி உப்பி, பிறகு வடிவம் திரும்பாது. சிலிக்கோன் வகை கிரீஸ்தான் சரி. அதுகூட ஒரு குறையைத் தீர்க்காது. மாதக்கணக்கில் அமுங்கியே கிடக்கும் ரப்பர், குக்கர் கேஸ்கட் போல, கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும் சக்தியை இழக்கும். கூரையை எப்போதுமே கழற்றாதவருக்கும் பீடிங் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும்.

காற்றின் கணக்கை ஆரல்வாய்மொழியில் போட்டுப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று பீறிட்டு வருகிறது, முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதற்காகத்தான். ஆடி மாதம் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி 80 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், எதிர்க்காற்று 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு அது 120 கி.மீ. காற்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80 கி.மீ.-இல் சதுர மீட்டருக்குச் சுமார் 300 நியூட்டன், 120-இல் ஏறக்குறைய 670. வேகம் ஒன்றரை மடங்கு, அழுத்தம் இரண்டேகால் மடங்கு. வளைந்த கூரைமேல் ஓடும் காற்று வேகமெடுப்பதால் அங்கே அழுத்தம் குறைந்து, கூரையை மேலே இழுக்கும். கூரையின் பரப்பு 2 சதுர மீட்டர், சராசரி இழுப்பு காற்றழுத்தத்தில் பாதி என்று கொண்டால், 80 கி.மீ.-இல் சுமார் 30 கிலோ எடையைத் தூக்கும் விசை. 120-இல் 68 கிலோ. கண்ணாடியை இறக்கிவிட்டால் உள்ளே காற்று புகுந்து இன்னும் தள்ளும். கொக்கிகள் இதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் விசை காரணமாகப் பலகை ஒரு மி.மீ. மேலெழும்பினாலே பீடிங்கின் பிடி தளர்ந்து விசில் சத்தம் தொடங்கிவிடும். அப்போது மழையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

வெயில் தன் பங்குக்கு விளிம்பை நகர்த்துகிறது. விடியற்காலை 25 டிகிரியில் இருந்த கறுப்புக் கூரை மத்தியானம் 65-ஐத் தொட்டால் வித்தியாசம் 40 டிகிரி. ஒன்றரை மீட்டர் நீள இரும்பு அதில் 0.7 மி.மீ. நீளும். கண்ணாடி நார் சேர்த்த பாலியெஸ்டர் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. நார் சேர்க்காத பாலிபுரோப்பிலீன் என்றால் 6 மி.மீ. வரை போகும். கூரைக்கு வெறும் பிளாஸ்டிக் ஏன் ஆகாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். குமரியில் பத்து நிமிட வெயிலுக்குப் பின் திடீரென்று மழை கொட்டும். வெளித்தோல் குளிர்ந்து சுருங்கும், உள்ளே இரும்புச் சட்டம் இன்னும் சூட்டிலேயே நிற்கும். பீடிங் பாவம்.

பொருளைப் பற்றிப் பேசினால் கடற்கரைக்குப் போக வேண்டும். கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று பைபர் வள்ளங்கள் நிற்கின்றன. குளச்சல் பக்கம் ஒரு பைபர் பட்டறையில் வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அச்சில் மெழுகு தேய்த்து, நிறம் கலந்த ஜெல் கோட் பூசி, அது இறுகியதும் கண்ணாடி நார் மேட்டை விரித்து, கெட்டியாக்கும் திரவம் கலந்த ரெசினைத் தடவி, இரும்பு ரோலரால் காற்றுக் குமிழிகளை விரட்டுகிறார்கள். “ஜீப்புக்கு ஒரு கூரை இப்படியே போடலாமாண்ணே?” என்றேன். “போட்டுத் தாறேன் மக்கா. வெள்ளம் உள்ள வராதுன்னு மட்டும் எழுதி வாங்காதே.”

அவர் சொன்னதில் பொறியியல் இருக்கிறது. கையால் பூசும் முறையில் அச்சைத் தொட்ட பக்கம் மட்டும்தான் வழவழப்பு. மறுபக்கம் சொரசொரப்பு, தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். வள்ளத்துக்கு அது பிரச்சினையே அல்ல. பீடிங் உட்காரும் விளிம்புக்கு அதுதான் பிரச்சினை. அதனால் தொழிற்சாலைகளில் ரெசினும் நாரும் முன்பே கலந்த தாள்களை, ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் வழவழப்பு, தடிமன் துல்லியம், ஒரு துண்டுக்குச் சில நிமிடம். ஆனால் அந்த எஃகு அச்சு செய்யவே பல மாதம் ஆகும், செலவும் மிக அதிகம். ஆயிரக்கணக்கில் கூரை விற்றால்தான் கட்டும்.

எடையைக் குறைக்க இன்னொரு வழி, இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே தேன்கூட்டு அறைகள். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப்படி ஏறும், இருமடங்கு தடிமனுக்கு எட்டு மடங்கு விறைப்பு. நடுவில் காற்றாக இருந்தாலும் தடிமன் தடிமன்தான். இதன் சங்கடம் மேற்பரப்பில் தெரியும். அறைச் சுவருக்கு மேலே தோலுக்குப் பிடிமானம் உண்டு, அறையின் வெற்றிடத்துக்கு மேலே கிடையாது. சுருக்கமோ ஈரமோ தோலை அசைத்தால் கீழே உள்ள அறுகோணங்கள் மேலே அச்சாகத் தெரியத் தொடங்கும்.

அமெரிக்காவில் ராங்ளர் போலக் கூரையைக் கழற்றி மாட்டும் ஃபோர்டு ப்ரோங்கோ வண்டிக்கு நடந்தது இதுதான். 2020 ஜூலையில் காட்டிய வண்டி, மிச்சிகனின் வேய்ன் ஆலையிலிருந்து 2021 ஜூனில் வாங்கியவர் கைக்கு வரத் தொடங்கியது. கெட்டிக் கூரைகளைச் செய்து தந்தது வெபாஸ்டோ என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் மிச்சிகன் ஆலை. கெட்டிக் கூரை கேட்டவர்களின் வரிசை நீண்டது, படுதாக் கூரைக்கு மாறினால் வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லும் நிலை வந்தது. ஆகஸ்டில், கடும் ஈரப்பதத்திலும் தண்ணீரிலும் தோற்றம் கெடுகிறது என்று, அதுவரை போட்ட, பெயின்ட் அடிக்காமல் வார்ப்பிலேயே நிறம் கலந்த கூரைகள் எல்லாவற்றையும் மாற்றித் தருவதாக ஃபோர்டு அறிவித்தது. பாம்புத்தோல் போல அறுகோணக் கோடுகள் எழும்பிய படங்கள் பரவியிருந்தன. நிறம் வார்ப்பிலேயே கலந்திருந்ததால் மறைக்க மேலே பெயின்ட் என்ற திரையும் இல்லை. ஜெல் கோட்டுக்குள் ஈரம் இறங்கிக் கொப்புளம் போடுவதை வருடக்கணக்காகப் பார்த்துவரும் பைபர் வள்ளக்காரரிடம் ஈரத்தைப் பற்றி விளக்கத் தேவையே இருக்காது.

ப்ரோங்கோ கூரைகளின் விநியோகம் ஏன் சிக்கியது என்பதும் புரியும். அச்சு ஒரே நிறுவனத்தின் ஒரே ஆலையில் இருக்கிறது. அங்கே நின்றால் வேறு எங்கும் உடனே வார்க்க முடியாது. இரண்டு கதவுக்கு ஒரு கூரை, நான்கு கதவுக்கு ஒன்று, நிறத்துக்கு நிறம் வேறு என்று வகை பெருகும். ஒவ்வொரு கூரையும் பெரிய வெற்றுப் பாத்திரம், லாரியில் ஏற்றினால் பாதி காற்றுதான் போகும், அதனால் அதிகம் சேர்த்து வைக்க யாரும் விரும்புவதில்லை. சட்டமும் எஞ்சினும் தயாராகி நின்றாலும், மூடி வராமல் வண்டியை அனுப்ப முடியாது.

நம் ஊரில் தாருக்குக் கெட்டிக் கூரை செய்து மாட்டித் தரும் பட்டறைகள் உண்டு. கடலோரத்தில் வைத்து ஓட்டுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைபருக்குள் பதித்த சாதா இரும்பு நட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து உப்பும், சுற்றியுள்ள பைபர் வெடிக்கும். எவர்சில்வர் நட்டு போடச் சொல்லுங்கள். இன்னொன்று சட்டம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. பட்டறைக்காரர் “ஒண்ணும் ஆகாது சார்” என்பார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

கழற்றிய கூரையை எங்கே வைப்பது என்ற கேள்வியை விற்பனைக்காரர் எழுப்புவதே இல்லை. ராங்ளரின் பின்துண்டை இறக்க இரண்டு மூன்று பேர் வேண்டும், இல்லையென்றால் கார் ஷெட் உத்தரத்தில் ஒரு கப்பி. பீடிங் உள்ள விளிம்பைத் தரையில் ஊன்றி வைத்தால் மொத்த எடையும் ரப்பரின்மேல் நின்று, அமுங்கிய இடம் அமுங்கியபடியே போகும், திரும்ப மாட்டிய முதல் மழையிலேயே தெரிந்துவிடும். அப்படியே கழற்றி வைத்துவிட்டுக் காலையில் நல்ல வெயிலென்று கிளம்பினாலும், காளிகேசத்தில் மழை பிடித்தால் கூரை நாகர்கோவிலில் இருக்கும். அதனால் பலர் முன்பலகை இரண்டை மட்டும் கழற்றி, உறையில் போட்டு வண்டியின் பின்பக்கமே வைத்துக்கொள்கிறார்கள். பின்துண்டு, பெயருக்குத்தான் கழற்றும் கூரை, வருடம் முழுக்க போல்ட்டிலேயே நிற்கிறது.