போர்ட் 80 ஒண்ணுதான், வீட்டுல இருக்க போன் எல்லாத்துக்கும் பதில் மாறாம வர்றது எப்படி?

உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து ஒரு பாலிடெக்னிக் தம்பி கேட்டுருந்தார். பரண் மேல கிடந்த அண்ணனோட அரசாங்க லேப்டாப்ப எடுத்து, லினக்ஸ் போட்டு, வெப் டெவலப்மென்ட் பழக சர்வரா ஆக்கிட்டாராம். அவர் போன்லயும் சைட் வருது, அதே நேரத்துல அக்கா போன்லயும் வருது. போர்ட்னா ஒரு மெஷினுக்குள்ள எந்தப் புரோகிராமுக்குப் போகணும்னு காட்டுற நம்பர், வெப் சைட்டுக்கு வழக்கமா 80. "அண்ணே, போர்ட் 80 ஒண்ணுதான இருக்கு, ரெண்டு பேரும் அதுலதான கேக்குறோம், எனக்கு வர வேண்டியது அக்காவுக்குப் போயிராதா?"ன்னு கேக்குறார். அருமையான கேள்வி, ஏன்னா வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கவங்களே நிறையப் பேரு இதுக்குத் தப்பாத்தான் பதில் சொல்றாய்ங்க.

முதல்ல லேப்டாப் சமாச்சாரத்த சட்டுனு முடிச்சுருவோம். 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்த மெஷின் மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம்னு எத்தனையோ வீட்டு பீரோ மேல சும்மா கிடக்கு, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட்டும் நின்னதால இன்னும் நிறைய கம்ப்யூட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போகப் போகுது, தயவுசெஞ்சு போட்டுறாதீங்க. ப்ராசசர் 64 பிட்டான்னு பாருங்க, ஆமான்னா டெபியன்ங்கிற லினக்ஸ் வகையோட 13-ஆம் பதிப்பு போடலாம், 32 பிட்னா 13-க்கு இன்ஸ்டாலரே கிடையாது, டெபியன் 12-தான். டெஸ்க்டாப் இல்லாம வெறும் கமாண்ட் லைனோட போட்டா 2 ஜிபி ரேமே தாராளம். அதுக்கு மேல என்ஜின்எக்ஸ் (பேஜ அனுப்புற வெப் சர்வர்), பிஎச்பி (பேஜ் செய்யுற மொழி), மரியாடிபி (டேட்டாபேஸ்). ரவுட்டர்ல அந்த லேப்டாப்புக்கு ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி நம்பர்) மாறாம ஃபிக்ஸ் பண்ணிருங்க. மூடிய மூடுனா தூங்கிரும், அந்த செட்டிங்க மாத்திருங்க. பேட்டரி நல்லா இருந்தா கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனா உப்பியிருந்தா யோசிக்காம கழட்டிருங்க, உப்புன லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மெஷின் 20 வாட் இழுக்குதுன்னு வச்சாலும் நாள் பூரா ஓடினா அரை யூனிட் வராது. அவ்வளவுதான் வேலை.

இப்ப கேள்விக்கு வருவோம். என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலையா லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்கிட்ட போய் "80-ஆம் நம்பர் போர்ட்டுக்கு யார் வந்தாலும் எங்கிட்ட சொல்லு"ன்னு பதிஞ்சு வைக்குது. சாக்கெட்னா ஒரு புரோகிராம் நெட்வொர்க்ல பேசுற முனை. இதுக்கு லிசனிங் சாக்கெட்னு பேரு, இது காத்துக்கிட்டு மட்டும்தான் இருக்கும், இது வழியா வெப் பேஜ் ஒரு பைட்டு கூடப் போகாது. போன்ல இருந்து "பேசலாமா"ன்னு ஒரு பாக்கெட் (சின்ன டேட்டா துண்டு) வருது, கெர்னல் "சரி பேசு"ன்னு அனுப்புது, போன் "சரி"ங்குது, இந்த மூணும் முடிஞ்ச உடனே கெர்னல் அந்தப் போனுக்குன்னே புதுசா ஒரு சாக்கெட் செஞ்சு என்ஜின்எக்ஸ் கையில குடுக்குது. இங்கதான் எல்லாரும் வழுக்குறது: புது சாக்கெட்டுக்கு சர்வர் வேற ஒரு போர்ட் நம்பர் குடுக்கும்னு நினைக்கிறாய்ங்க. குடுக்காது. அதுவும் 80-தான். அக்காவோடதும் 80-தான்.

அப்புறம் எப்படிப் பிரிக்குது? நம்மூருல பாண்டின்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, அப்பா பேரு, தெருப் பேரு எல்லாம் சேத்துச் சொன்னா ஒரே ஆளுதான். கெர்னலும் அப்படித்தான், ஒரு நம்பரப் பாத்து முடிவு பண்றதே இல்ல, நாலையும் சேத்துப் பாக்குது: கேக்குறவங்க ஐபி, கேக்குறவங்க போர்ட், சர்வரோட ஐபி, சர்வரோட போர்ட். நாலும் வர்ற ஒவ்வொரு பாக்கெட்டோட தலைப்புலயும் எழுதியிருக்கும். உங்க லேப்டாப் 192.168.1.10, போர்ட் 80. உங்க போன் 192.168.1.21, அது தன் பக்கத்துக்குன்னு தானா ஒரு போர்ட் எடுத்துக்கும், 40112-னு வைங்க. அக்கா போன் 192.168.1.22, போர்ட் 51730. அக்கா போனும் தற்செயலா அதே 40112-ஐ எடுத்தா? ஒண்ணும் ஆகாது, ஐபி வேறல்ல! ஒரே போன்ல இருந்து ரெண்டு கனெக்‌ஷன் போட்டா? ஐபி ஒண்ணு, ஆனா போர்ட் வேற. குரோம் ஒரு சைட்டுக்கு ஒரே நேரத்துல ஆறு கனெக்‌ஷன் வரைக்கும் திறக்கும், படம் நிறைய இருக்க பக்கத்தத் திறந்தா அக்கா இல்லாமலே இந்தக் கூத்து நடந்துக்கிட்டுதான் இருக்கு. நாலுல ஏதாவது ஒண்ணு மாறிருந்தா போதும், அது தனி கனெக்‌ஷன்.

பாக்கெட் வந்ததும் கெர்னல் பட்டியல வரிசையா மேல இருந்து கீழ தேடாது. இந்த நாலையும் சேத்து ஒரு கணக்குல போட்டு ஒரு எண் எடுக்கும், டேபிள்ல அந்த எண்ணுக்கான இடத்துல நேராப் போய்ப் பாக்கும், பத்து கனெக்‌ஷன் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே நேரந்தான். அந்தக் கணக்குல ஒரு ரகசிய ரேண்டம் எண்ணையும் சேத்துருக்காங்க, மெஷின் ஆன் ஆகுறப்பல்லாம் அது மாறும், எவனாவது வேணும்னே எல்லாப் பாக்கெட்டையும் ஒரே இடத்துல குமிச்சு சர்வர படுக்க வச்சிறக் கூடாதுன்னு! இதப் படிச்சப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இதனாலதான் "போர்ட் மொத்தமே 65536, அதுனால ஒரு சர்வர் அதுக்கு மேல ஆளத் தாங்காது"ன்னு சொல்றதும் தப்பு. அந்த வரம்பு கேக்குறவங்க பக்கத்துக்குத்தான், லினக்ஸ்ல நாம எதையும் மாத்தாத வரைக்கும் இருக்கிற ரேஞ்ச் 32768-ல இருந்து 60999 வரைக்கும், அதாவது ஒரே ஐபில இருந்து உங்க போர்ட் 80-க்கு 28,232 கனெக்‌ஷன். சர்வருக்குத் தடை மெமரியும், ஒரு புரோகிராம் எத்தனை ஃபைல் திறக்கலாங்கிற லிமிட்டுந்தான், லினக்ஸ்ல சாக்கெட்டும் ஃபைல் கணக்குலதான் வரும்.

கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளருங்க வின்ட் செர்ஃப்பும் பாப் கானும் 1974-ல எழுதுனதுல பிறந்து, 1981-ல டிசிபி-ங்கிற விதிமுறையா நிலைச்ச ஏற்பாடு இது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறைக் காசு. நம்ம நாட்டுக்கு இது வந்ததும் பொதுக் காசுலதான், 1986-ல எலக்ட்ரானிக்ஸ் துறையும் ஐநா உதவியும் சேந்து எர்நெட்ங்கிற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்க ஆரம்பிச்சாங்க, ஐஐடி-கள் எல்லாம் அதுல இருந்துச்சு. உடனே லாபம் வராத வேலைக்கு அரசாங்கம் காசு போட்டதாலதான் இன்னைக்கு எல்லார் கையிலயும் இது ஓடுது, அதுனால ஒவ்வொரு பாலிடெக்னிக் லேப்லயும் பசங்க உடைச்சுப் பாக்க பத்து பழைய மெஷின் ஒதுக்குங்கன்னு நான் எங்க போனாலும் சொல்லிக்கிட்டே இருப்பேன்.

கனெக்‌ஷன் முடிஞ்ச பிறகும் கெர்னல் அந்த நாலையும் உடனே மறக்காது. யாரு முதல்ல மூடுறாங்களோ அந்தப் பக்கம், லினக்ஸ்ல 60 செகண்ட், அதப் பிடிச்சு வச்சிருக்கும். வழியில சுத்திக்கிட்டு இருந்த பழைய பாக்கெட் ஒண்ணு லேட்டா வந்து, அதே நாலு நம்பர்ல புதுசா ஆரம்பிச்ச பேச்சுக்குள்ள நுழைஞ்சிறக் கூடாதுல்ல. நீங்களே ஒரு சின்ன சர்வர் எழுதி, நிறுத்தி, உடனே ஓட்டுனா "அட்ரஸ் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கு"ன்னு எர்ரர் வருதே, பெரும்பாலும் இதுனாலதான். கோட்ல ரீயூஸ் அட்ரஸ் ஆப்ஷன ஆன் பண்ணுங்க, சரியாயிரும். எல்லாத்தையும் கண்ணால பாக்கணும்னா எஸ்எஸ்-னு ரெண்டெழுத்து கமாண்ட் இருக்கு, ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒவ்வொரு வரியா, நாலு நம்பரோட வரும்.

வெளிய இருந்து ஃப்ரெண்ட்ஸ் பாக்கணும்னு ரவுட்டர்ல போர்ட்ட மட்டும் இப்போதைக்குத் திறந்துறாதீங்க தம்பி. பாஸ்வேர்டு, அப்டேட், எச்டிடிபிஎஸ் (நடுவுல யாரும் படிக்க முடியாத கனெக்‌ஷன்) மூணையும் ஒழுங்கு பண்ணிட்டு அப்புறம் பேசுவோம்.